சிஎன்சி ஷீல்டில் ஸ்டெப்பர் மோட்டார் கரண்ட் செட் செய்வது எப்படி?

ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டு போர்டு, அதன் தலையில் ஒரு சிஎன்சி ஷீல்ட், அதில் செருகி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 டிரைவர் போர்டுகள், நீமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள். வீட்டில் சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மெஷின்) கட்டுகிறவர்கள் பலர் தொடங்குவது இந்தக் கூட்டணியில்தான். மெஷின் ஓடும். ஆனால் வட்டம் வெட்டச் சொன்னால் தொடங்கிய இடத்தில் வந்து முடியாது. அல்லது பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு ஆக்சிஸ் (ஒரு திசையில் நகரும் பகுதி) மட்டும் விட்டுவிட்டு நிற்கும். இப்படி ஏதாவது நடந்தால் டிரைவரில் இருக்கும் அந்தக் குட்டித் திருகை முதலில் சோதியுங்கள்.

"விரெஃப் 0.8 வோல்ட் வெச்சா போதும்" என்று யாராவது சொல்லி, நீங்களும் அப்படியே வைத்திருந்தால் கட்டாயம் சோதியுங்கள். விரெஃப் என்பது அந்தத் திருகால் வைக்கும் வோல்ட்டேஜ், அதைப் பார்த்துத்தான் டிரைவர் மோட்டாரின் கரண்ட் வரம்பை வைக்கிறது. அந்த 0.8 ஒரு போர்டுக்குச் சரியாக இருக்கும். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் இன்னொரு போர்டில் கரண்ட் இரண்டு மடங்காகிவிடும்.

திருகு எதைக் கட்டுப்படுத்துகிறது?

பரவலாகக் கிடைக்கும் 17எச்எஸ்4401 மோட்டாரை எடுத்துக்கொள்வோம். காயிலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1.5 ஓம், அனுமதித்த கரண்ட் 1.7 ஆம்பியர். 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் ஓம் விதிப்படி 8 ஆம்பியர் போகும், மோட்டார் கருகிவிடும். அப்படி ஆகாமல் டிரைவர் பார்த்துக்கொள்கிறது. கரண்ட் ஏறி ஒரு வரம்பைத் தொட்டதும் துண்டிக்கிறது, இறங்கியதும் மறுபடி விடுகிறது. நொடிக்குப் பல ஆயிரம் முறை இது நடக்கிறது. அந்த வரம்பைத்தான் திருகு தீர்மானிக்கிறது. பவர் சப்ளை வயரில் அம்மீட்டர் வைத்துப் பார்த்தால் வரும் எண், காயிலில் ஓடும் கரண்ட் அல்ல. அதை நம்பித் திருகைத் திருப்ப வேண்டாம்.

படி 1: ரெசிஸ்டரைப் படியுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது. ஏ4988 சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்பு ரெசிஸ்டர்கள் இருக்கும், எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை. செல்போன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். ஆர்100 என்றால் 0.1 ஓம். ஆர்068 என்றால் 0.068 ஓம். ஆர்050 என்றால் 0.05 ஓம். ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கும் மலிவு போர்டுகளில் பெரும்பாலும் ஆர்100 இருக்கும். ஆனால் ஒரே பாக்கெட்டில்கூடக் கலந்து வரலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

படி 2: கணக்கு

ஏ4988-க்குச் சூத்திரம் இதுதான்:

விரெஃப் = கரண்ட் × 8 × ரெசிஸ்டர் மதிப்பு

மோட்டார் 1.7 ஆம்பியர் தாங்கும் என்பதற்காக 1.7 வைக்க வேண்டியதில்லை. அது உச்ச வரம்பு. சிப் 2 ஆம்பியர் வரை தரும் என்று போட்டிருந்தாலும், ஹீட் சிங்க் இல்லாமல் ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் தாங்கும். எனவே 1 ஆம்பியரில் தொடங்குவோம்.

ஆர்100 போர்டு: 1 × 8 × 0.1 = 0.8 வோல்ட்
ஆர்068 போர்டு: 0.54 வோல்ட்
ஆர்050 போர்டு: 0.4 வோல்ட்

ஆர்050 போர்டில் யாரோ சொன்ன 0.8-ஐ வைத்தால் 2 ஆம்பியர்! டிரைவர் கொதித்துப்போய்த் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி ஓடும். விட்டுவிட்டு நிற்பது இதனால்தான்.

உங்கள் டிரைவர் டிஆர்வி8825 என்றால் சூத்திரம் வேறு: கரண்ட்டில் பாதிதான் விரெஃப். 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட்.

படி 3: அளப்பது

ஷீல்டில் இஎன் என்று குறித்த இடத்தில் டிரைவரின் இஎன் பின் வருகிறதா பாருங்கள். திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏ4988-இல் ஒரு முனையில் இருக்கும் திருகு, டிஆர்வி8825-இல் மறுமுனையில் இருக்கும். திருப்பிச் செருகிப் பவர் கொடுத்தால் டிரைவர் போய்விடும்.

அடுத்து, பவரை அணைத்துவிட்டு மோட்டார் வயர்களைக் கழற்றுங்கள். பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவோ செருகவோ கூடாது. டிரைவர்கள் சாவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

இப்போது யுஎஸ்பி மட்டும் செருகினால் போதும். ஏ4988-க்கு விரெஃப் ஆர்டுயினோவின் 5 வோல்ட்டிலிருந்து வருகிறது. டிஆர்வி8825 அதை மோட்டார் சப்ளையிலிருந்து எடுப்பதால், அதற்கு 12 வோல்ட்டும் கொடுக்க வேண்டும்.

மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு முனை ஷீல்டின் பவர் டெர்மினலில் மைனஸ் திருகில். சிவப்பு முனை டிரைவரின் குட்டித் திருகின் உலோகத் தலையில். திரையில் வருவதுதான் விரெஃப்.

ஒரு கையில் முனை, ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர் என்று தடுமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. சிவப்பு வயரை முதலைக் கிளிப் மூலம் ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டிலேயே மாட்டிவிடுங்கள். திருப்பத் திருப்ப எண் மாறுவதை நேரடியாகப் பார்க்கலாம். தண்டு வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகும், ஆகவே நுனி மட்டும் வெளியே தெரியும்படி டேப் சுற்றுங்கள்.

மிக மெதுவாகத் திருப்புங்கள். மயிரிழை நகர்ந்தாலே 0.05 வோல்ட் மாறும். வலப்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் ஏறும். சில மலிவு போர்டுகளில் தலைகீழ். ஒய் ஆக்சிஸில் இரண்டு மோட்டார் இருந்தால், இரண்டு டிரைவரின் கரண்ட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

ஹீட் சிங்க்கை ஒட்டுங்கள். அது எந்தப் பின்னையும் திருகையும் தொடக் கூடாது. பவரை அணைத்து, மோட்டாரை மாட்டி, பென்சிலால் தொடக்க இடத்தில் கோடு போடுங்கள். 100 மி.மீ. போய்த் திரும்பும்படி 20 தடவை ஓட்டுங்கள்.

கோட்டுக்கே வந்து நின்றால் கரண்ட் போதும். வரவில்லை என்றால் உடனே திருகுக்குப் போகாதீர்கள். பவரை அணைத்துவிட்டு லீட் ஸ்க்ரூவை (ஆக்சிஸை நகர்த்தும் நீளத் திருகு) கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது இறுகினால் கோளாறு அங்கேதான். அது சுலபமாகச் சுற்றினால் ஆர்டுயினோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $120, $121, $122 ஆகிய முடுக்க மதிப்புகளைப் பாதியாக்கி ஓட்டுங்கள். அதில் சரியானால் குற்றவாளி முடுக்கம், கரண்ட் அல்ல. இரண்டும் இல்லை என்றால் மட்டும் விரெஃப்பை 0.05 கூட்டுங்கள். 1 ஆம்பியரைத் தாண்டினால் ஹீட் சிங்க் மட்டும் போதாது, டிரைவர்கள்மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேனும் வையுங்கள்.

சூடு எவ்வளவு இருக்கலாம்?

மோட்டாரைத் தொட்டால் சுடுகிறது என்று பயப்பட வேண்டாம். இந்த மோட்டார்களின் உள் காப்பு பொதுவாக 130 டிகிரி வரை தாங்கும். 50, 60 டிகிரி உடம்பு அதற்குச் சாதாரணம். நமக்குத்தான் கை வைக்க முடியாது. மோட்டார் பிராக்கெட்டை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்திருந்தால் கதை வேறு. 60 டிகிரியில் பிஎல்ஏ இளகத் தொடங்கும், மோட்டார் சாயும். அப்போது கரண்ட்டைக் குறைத்தே ஆக வேண்டும். சோதனையைக் காலைக் குளிரில் செய்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு, அறையே 38 டிகிரியில் இருக்கும்போது அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

டிபி6600 வைத்திருப்பவர்களுக்கு

இதுவும் ஒரு ஸ்டெப்பர் டிரைவர்தான். அதில் திருகு இல்லை, பக்கவாட்டில் டிப் சுவிட்சுகள். மேல் மூடியில் உள்ள அட்டவணையைப் பார்த்து, பவரை அணைத்துவிட்டு சுவிட்சை மாற்றினால் முடிந்தது. அட்டவணையில் சராசரி கரண்ட், உச்ச கரண்ட் என்று இரண்டு வரிசை இருந்தால், உச்ச வரிசையை மோட்டாரின் எண்ணோடு ஒப்பிட்டு அதற்குக் கீழே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.