நீண்ட பயணத்துக்கு ஏற்ற பைக் சீட்: அளவெடுப்பதிலிருந்து ரெக்சின் தைப்பது வரை

கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, மெத்தை போல இருக்கிறதே என்று மகிழ்ந்து ஒரு சீட் உறை வாங்கினேன். கோவையிலிருந்து பொள்ளாச்சி வரை சுகமாகத்தான் இருந்தது. உடுமலையை நெருங்குவதற்குள் உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஆணி குத்துவது போல வலி. தாராபுரம் போக வேண்டியவன் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

உட்காரும்போது நம் எடையைப் பெரும்பாலும் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முண்டுகள். பஞ்சு மிக மிருதுவாக இருந்தால் அந்த முண்டுகள் அதை அமுக்கிக்கொண்டு அடித்தட்டு வரை இறங்கிவிடும். பிறகு பஞ்சு பெயருக்குத்தான். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது, ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் தெரியும். புதிதாக நீண்ட பயணம் தொடங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளபடி செய்யுங்கள்.

முதல் படி: வலி எங்கே?

நேரான சாலையில் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மலைப்பாதை இதற்கு உதவாது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் உடல் இடமும் வலமும் அசைந்துகொண்டே இருப்பதால் வலி ஒரே இடத்தில் தங்காது. சமவெளிச் சாலைதான் சீட்டின் குணத்தைக் காட்டும்.

எலும்பு முண்டுகளில் வலித்தால் பஞ்சில் குறை. தொடையின் உட்புறம் வலித்தால் சீட்டின் விளிம்பு அகலமாகவோ கூராகவோ இருக்கிறது. அடிக்கடி டேங்க் பக்கம் சறுக்கி, நிமிர்ந்து பின்னால் தள்ளி உட்கார வேண்டியிருந்தால் சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறது. முதுகு மட்டும் வலித்தால் சீட்டைத் தொடுவதற்கு முன் ஹேண்டில்பாரின் உயரத்தைக் கவனியுங்கள். மரத்துப்போகும் உணர்வு இறங்கி நடந்த பிறகும் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

இரண்டாம் படி: செலவில்லாத திருத்தங்கள்

பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள். தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம். உள்ளாடையின் தையலும் அழுத்தும். திருப்பூரில் ஃபிளாட்லாக் தையல் என்பார்களே, துணியோடு தட்டையாகப் படிந்திருக்கும், அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். டயர் காற்றையும் பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் அமைப்பையும் உங்கள் எடைக்குத் தகுந்தபடி வையுங்கள். பலருக்குப் பாதி வலி இதிலேயே போய்விடும்.

மூன்றாம் படி: அளவு

திண்ணையிலோ பெஞ்சிலோ ஒரு அட்டைப்பெட்டித் துண்டை விரித்து, அதன்மேல் இரண்டு நிமிடம் அழுத்தி உட்காருங்கள். முழங்கால் சற்று உயர்ந்திருக்கட்டும். எழுந்து விரலால் தடவினால் இரண்டு பள்ளங்கள் தட்டுப்படும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் சீட்டின் தட்டையான பரப்பு இந்த அளவைவிட இருபுறமும் தாராளமாக நீண்டிருக்க வேண்டும். குறைந்தால் எலும்புகள் சரிவான விளிம்பில் நிற்கும், எந்தப் பஞ்சைப் போட்டாலும் வலி போகாது.

நான்காம் படி: குஷன் கடையில்

ஜெல் உறை, காற்று அடைக்கும் உறை, நிறுவனங்களே விற்கும் டூரிங் சீட் எல்லாம் கிடைக்கின்றன. ஆனாலும் முதன்முறை செய்பவருக்கு நான் சொல்வது, பழைய சீட்டிலேயே பஞ்சை மாற்றித் தைப்பதுதான். உங்கள் உடலுக்கு ஏற்றபடி வெட்டித் திருத்த அதில்தான் வழி இருக்கிறது. பஸ் பாடி கட்டும் கரூர்ப் பக்கம் குஷன் வேலையில் தேர்ந்த கைகள் உண்டு, மற்ற ஊர்களிலும் தேடினால் கிடைப்பார்கள்.

பஞ்சைக் கேட்கும்போது டென்சிட்டி சொல்லிக் கேளுங்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கனமீட்டர் பஞ்சின் எடை 40 கிலோ. எண் கூடினால் பொதுவாக நீண்ட நாள் உழைக்கும், ஆனால் எண்ணை மட்டும் வைத்துக் கெட்டித்தன்மையைச் சொல்ல முடியாது. அதனால் கட்டைவிரலால் ஊன்றிப் பாருங்கள். விரல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை இறங்கினால் வேண்டாம். அடியில் கெட்டியான பஞ்சு, மேலே அரை அங்குலம் மிருதுவான பஞ்சு, இதுவே எனக்கு நிலைத்தது. அமுக்கினால் மெல்ல மீளும் மெமரி ஃபோம் என்ற பஞ்சைத் தடிமனாகப் போடாதீர்கள், சூட்டில் இளகும் பொருள் அது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சீட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். எனக்குச் செய்த பெரியவர் ஹேக்சா பிளேடால் பஞ்சைச் சீவி, பசை தடவி ஒட்டி, உறை போடாமலேயே வண்டியில் மாட்டினார். "உட்காருங்கள் கண்ணு, எழுந்திருக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வந்து, இடது தொடை உரசிய விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு அதை மட்டும் சீவினார். இந்தப் பொறுமை உள்ளவரைத் தேடிப் பிடியுங்கள்.

சரிவைப் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் போதும். சென்டர் ஸ்டாண்டில் வைத்து அளந்தால் தவறாகக் காட்டும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சீட் சமமாகவோ, முன்பக்கம் இம்மியளவு உயர்ந்தோ இருக்கட்டும். பஞ்சு ஏறினால் உயரமும் ஏறும் என்பதால், இரண்டு கால்களும் தரையில் நம்பிக்கையாக ஊன்றுகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ரெக்சின் வழுக்காததாக இருக்கட்டும். உட்காரும் இடத்தின் நடுவே தையல் வரக் கூடாது, அழுத்துவதோடு மழைநீரும் அதன் வழியே பஞ்சுக்குள் இறங்கும். பழைய பஞ்சைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்த்துத் திருத்துதல்

புதுப் பஞ்சு முதல் சில பயணங்களில் சற்று அமுங்கும். முதலில் ஓட்டிய அதே சாலையில் மறுபடி ஓட்டுங்கள். வலித்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரே தடவையில் சரியாக அமைவது அபூர்வம்.

பின்னால் உட்காருபவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருபவரின் எடை சீட்டின் இடது விளிம்பில்தான் விழுகிறது. காலை இருபுறமும் போட்டு உட்காருவதே பாதுகாப்பு என்றாலும், நம் ஊரில் அம்மாவும் அத்தையும் ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்து வருகிறார்கள். அந்த விளிம்பு உருண்டு சரியாமல், கெட்டியாகத் தட்டையாக இருக்க வேண்டும். என் சீட்டில் இதைக் கடைசியாகத்தான் செய்தேன். கோபியிலிருந்து பண்ணாரி கோயில் வரை வந்த அம்மா, வழியில் ஒருமுறைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.