கிட்ஹப்பில் இஷ்யூ எழுதுவது எப்படி: ஒரு சம்பளச் சீட்டை முன்வைத்து

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பள நாள். தைத்த உருப்படிக்கு இவ்வளவு கூலி என்னும் பீஸ் ரேட் கணக்கை நான் ஒரு திறந்த மூல மென்பொருளில், அதாவது நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில், பார்த்து வருகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை சம்பளச் சீட்டைப் பிடிஎஃப் ஆக்கி அச்செடுத்தபோது, ஊர்ப் பெயர்கள் சிதைந்திருந்தன. 'பெருந்துறை'யின் கொம்பு, 'ப'வுக்குப் பின்னால் போய் 'ரு'வோடு ஒட்டி நின்றது. 'கொடுமுடி'யில் கொம்பும் காலும் 'க'வுக்கு வலப்பக்கமே சேர்ந்து விழுந்திருந்தன. இத்தகைய வழுவை அந்த மென்பொருளை எழுதுபவர்களிடம் சொல்வதற்கான இடம்தான், மென்பொருள் நிரல்களை வைத்துப் பலரும் சேர்ந்து எழுதும் இணையதளமான கிட்ஹப்பில் பெரும்பாலான திட்டங்களின் பக்கத்தில் உள்ள 'இஷ்யூஸ்' பகுதி. அங்கே பதியும் ஒவ்வொரு புகாரும் ஓர் இஷ்யூ.

ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெக்கானிக் நேரில் வந்து, எந்தத் துணி, எந்த ஊசி, எந்த இடத்தில் அறுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்குரூவில் கை வைப்பார். மென்பொருளை எழுதியவர் நம் மேசைக்கு வர முடியாது. அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் கேட்கும் முன்பே விடை எழுதி வைப்பதுதான் நல்ல இஷ்யூ.

எழுதத் தொடங்கும் முன் தேட வேண்டும். இஷ்யூஸ் பக்கம் முதலில் திறந்திருப்பவற்றை மட்டுமே காட்டும் என்பதால், மூடப்பட்டவற்றையும் சேர்த்துத் தேடுவது அவசியம். நம் வழு ஏற்கெனவே சரிசெய்யப்பட்டு, புதிய பதிப்பை நிறுவினால் தீர்ந்துவிடக்கூடியதாகவும் இருக்கலாம். அதே வழுவை வேறொருவர் முன்பே பதிந்திருந்தால் அதன் முதல் பதிவில் கட்டைவிரல் குறியை இட்டால் போதும். 'எனக்கும் இப்படித்தான்' என்ற வெற்று மறுமொழிகளால் பராமரிப்பாளர்கள் திணறியதாலேயே 2016ஆம் ஆண்டு இந்தக் குறிகள் வந்தன. நம்மிடம் புதிய தகவல் இருந்தால் மட்டும் மறுமொழி எழுதலாம்.

தேடியும் கிடைக்காவிட்டால் 'நியூ இஷ்யூ' பொத்தானை அழுத்த வேண்டும். சில திட்டங்களில் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று தோன்றும். அதை அழித்துவிட்டு மனம்போன போக்கில் எழுதுவது முறையன்று.

தலைப்பில்தான் பலரும் தவறுகிறார்கள். 'தமிழ் சரியாக வரவில்லை' என்ற தலைப்பைப் பார்த்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 'சம்பளச் சீட்டைப் பிடிஎஃப் ஆக்கும்போது பெ, கொ ஆகிய எழுத்துகளில் கொம்பு இடம் மாறுகிறது' என்று எழுதினால், எந்தச் செயலின்போது எது பிழைபடுகிறது என்பது தலைப்பிலேயே விளங்கிவிடும்.

உடற்பகுதியில் செய்தது, எதிர்பார்த்தது, கிடைத்தது ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துருவின் பெயர் ஆகியவையும் வேண்டும். வழுவை மீண்டும் வரவழைக்கும் வழியை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குவது நல்லது. நான் முழுப் பட்டியலையும் விட்டுவிட்டு, 'பெருந்துறை' என்ற ஒரே சொல்லைக் கொண்ட ஒரு வரியை மட்டும் அச்சிட்டுப் பார்த்தேன். அப்போதும் கொம்பு இடம் மாறியது. திரையில் அதே சொல் சரியாகத் தெரிந்தது. ஆகவே கோளாறு தரவில் இல்லை, பிடிஎஃப் ஆக்கும் இடத்தில்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

தமிழ் எழுத்து தொடர்பான வழுக்களில் இன்னொரு பொறுப்பும் நமக்கு உண்டு. மென்பொருளை எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கணினியில் 'ப' முதலிலும் கொம்பு அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன என்பதையும், காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவாக்க நிரலின் வேலை என்பதையும் இரண்டு வரிகளில் விளக்கிவிட்டால், எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும். சொல்லைப் படமாக மட்டும் இணைக்காமல் எழுத்தாகவும் தர வேண்டும். அவர் அதை நகலெடுத்துச் சோதிக்க வேண்டுமல்லவா? பிழைச் செய்திகளை ஒட்டும்போது, விசைப்பலகையில் 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கம் உள்ள சாய்ந்த குறியை (`) மேலும் கீழும் மும்மூன்று முறை தனி வரியாக இட்டால் வரிகள் குலையாமல் நிற்கும்.

படம் இணைப்பதில் நான் செய்த தவறு இன்னும் மனத்தை உறுத்துகிறது. டெய்லர்களின் பெயர்களும் வங்கிக் கணக்கு எண்களும் தெரியும்படி முழுச் சீட்டையும் இணைத்துவிட்டேன். பொதுத் திட்டத்தின் இஷ்யூவை எவரும் பார்க்கலாம். பதிவைத் திருத்திப் படத்தை எடுத்துவிட்டாலும் திருத்த வரலாற்றில் பழைய வடிவம் இருக்கும். அதையும் தனியாக அழிக்க வேண்டும். ஆகவே கற்பனைப் பெயர்களைக் கொண்டு மாதிரிச் சீட்டு ஒன்றைச் செய்து இணைப்பதே சரி. பாதுகாப்பு ஓட்டை எதையேனும் கண்டுபிடித்தால், அதை இஷ்யூவாக எழுதவே கூடாது. திட்டத்தின் பாதுகாப்புப் பக்கம் சொல்லும் தனி வழியில் தெரிவிக்க வேண்டும்.

இஷ்யூவுக்கு வகையைக் காட்டும் லேபிள் ஒட்டுவதும் அதைக் கவனிக்க ஆளை நியமிப்பதும் பெரும்பாலும் பராமரிப்பாளரின் உரிமை. அவை நமக்குக் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அவர் கேள்வி கேட்டால் தாமதமின்றி விடை சொல்வதுதான் நம் வேலை. பெரும்பாலோர் ஊதியமில்லாமல் உழைப்பவர்கள் என்பதால் தினமும் நினைவூட்டி நெருக்குவது தகாது.

ஒவ்வோர் இஷ்யூவுக்கும் ஓர் எண் உண்டு. திருத்தத்தை அனுப்புபவர், அதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் தம் புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் 'ஃபிக்சஸ்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, # குறியோடு அந்த எண்ணையும் சேர்த்தால், திருத்தம் முதன்மைக் கிளையில், அதாவது நிரலின் முக்கியப் பிரதியில், இணைந்தவுடன் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். புதிய பதிப்பு வந்ததும் நாம் அதே ஒரு வரியை மீண்டும் அச்சிட்டு, சரியாகிவிட்டது என்றோ இல்லை என்றோ அங்கேயே எழுத வேண்டும். எனக்குப் பெருந்துறையும் கொடுமுடியும் சரியாகவே வந்தன. ஆனால் ரூபாய்க் குறி கட்டமாக அச்சானது. அதைப் பழைய இஷ்யூவில் சேர்க்காமல் புதிதாக ஒன்று திறந்து, பழையதன் எண்ணை # குறியோடு அதில் குறிப்பிட்டேன்.