இரவு 2 மணிப் பாலைத் தவறவிடாதீர்கள்

கடும் மந்தபோசணையோடு வரும் பிள்ளைகளுக்குச் சிகிச்சைப் பால் கொடுப்பதில், சிறுவர் விடுதிக்குப் புதிதாக வருபவர்கள் பழைய பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். கை கழுவுவது, சரியாக அளப்பது பற்றி எல்லாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விடுகிறேன்.

நித்திரையில் எழுப்பாமல் விடுவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். "இப்பதான் கண்ணயர்ந்தது மிஸ், விடியக் குடுப்பம்" என்பார் அம்மம்மா. புதியவரும் பாவம் பார்த்து விட்டுவிடுவார்.

கொழுப்பும் தசையும் கரைந்த உடம்பில் கையிருப்பு இல்லை. சில மணி நேரம் பால் போகாவிட்டாலே இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வியர்ப்பதுமில்லை, வெளிறுவதுமில்லை. சோர்ந்து கிடப்பார்கள், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அது நல்ல நித்திரை. எழுப்பினால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரு மார்கழி இரவு. தீவுப் பக்கத்துப் பிள்ளை, நிறை 6 கிலோ. 2 மணிக்கும் 4 மணிக்கும் பால் போகவில்லை, ஆனால் பால் அட்டையில் ஒப்பம் இருந்தது. ஐந்தரைக்குத் தொட்டுப் பார்த்தால் கைகால் சில்லிட்டிருந்தது. கக்கத்து வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே, சீனி டெசிலீட்டருக்கு 54 மில்லிகிராமுக்குக் கீழே. இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். 10 வீதக் குளுக்கோஸ் 50 மில்லிலீட்டரை மூக்குக் குழாயால் விட்டு, தாயின் நெஞ்சோடு அணைத்துத் தலையையும் மூடிப் போர்த்தினோம். அப்புறம் எஃப்-75 பால் (முதல் கட்டத்தில் கொடுக்கும், சக்தி குறைந்த சிகிச்சைப் பால்), ஒரு வேளை அளவில் கால் பங்கு, அரை மணிக்கொரு தடவை, இரண்டு மணி நேரம். பிள்ளை கண் திறந்து முனகியது.

காலைப் பணிக்கு வந்தவர், தவறிய இரண்டையும் 8 மணிப் பாலோடு சேர்த்துக் கொடுக்கப் போனார்! கிலோவுக்கு 130 மில்லிலீட்டர் என்றால் 6 கிலோவுக்கு நாளுக்கு 780; இரண்டு மணிக்கொரு தடவை 65. மூன்றையும் சேர்த்தால் 195. வாந்தியெடுத்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம், பலவீனமான இதயமும் தாங்காது. தவறிய பாலை அடுத்ததோடு சேர்க்காதீர்கள். குடிக்கும் முன் ஒப்பமும் வைக்காதீர்கள். கோப்பையில் மிஞ்சியதை அளந்த பிறகே எழுதுங்கள்.

பசி வந்த அன்றே அள்ளிக் கொடுப்பது

பசி திரும்பி உடம்பு வீக்கமும் வற்றத் தொடங்கினால், சக்தி கூடிய பாலான எஃப்-100க்கு மாறலாம். ஆனால் முதல் இரண்டு நாளும் எஃப்-75 கொடுத்த அதே அளவுதான். பிறகு ஒவ்வொரு வேளையும் 10 மில்லிலீட்டராகக் கூட்டுங்கள். நாடியும் மூச்சும் சேர்ந்து வேகமானால் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

வயிற்றோட்டத்துக்கு வழக்கமான ஜீவனி (வாய்வழிக் கொடுக்கும் உப்புக் கரைசல்)

இவர்களின் உடம்பில் ஏற்கெனவே சோடியம் மிகுதி, பொட்டாசியம் குறைவு. அதனால் சோடியம் குறைந்த, பொட்டாசியம் கூடிய கரைசலான ரீசோமால்தான்.

இரும்புப் பாணி

எஃப்-75 கொடுக்கும் முதல் கட்டத்தில் வேண்டாம்.

நிறை குறைகிறதே என்ற பதற்றம்

வீங்கி வந்த பிள்ளை, வீக்கம் வற்றுவதால் முதலில் நிறை குறையத்தான் செய்யும். அதைத் தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், பால் போதவில்லை என்று அவர் ஒளித்து பிஸ்கட் ஊட்டுவார்.