பராமரிப்பை நம்பி சொசைட்டி ஃபிளாட்டை எழுதிக் கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் குடியேறிய நம்மவர்களில் பலருக்கு, உழைத்துச் சேர்த்த ஒரே சொத்து கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் உள்ள ஃபிளாட்தான். கடைசி வரை பார்த்துக்கொள்வதாகப் பிள்ளைகள் சொன்னதை நம்பி அதை மாற்றிக் கொடுக்க வருவோருக்காக இளம் வழக்கறிஞர்கள் எழுதும் வரைவுகள் என் மேசைக்கு வருகின்றன. பெயர்ப்பிழை, பரப்பளவுப் பிழை போன்றவற்றை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நிபந்தனை இல்லாத தானப் பத்திரம்

இன்றும் என் பொறுமையைச் சோதிப்பது இதுதான். "இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும்" என்ற மாதிரிப் படிவ வரியை அப்படியே எடுத்தெழுதி, பராமரிப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் பதிவு செய்துவிடுகிறார்கள். செம்பூர்ப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். மனைவி காலமானதும் அவருடைய கட்டில் அடைத்த பால்கனிக்கு நகர்ந்தது. மருந்துச் செலவுக்கும் கையேந்த வேண்டியதாயிற்று. "பத்திரத்துல எழுதலையே தவிர, வாயால சொன்னான் சார்" என்றார்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நடந்த மாற்றத்தைத்தான் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம் என்கிறது. அந்த நிபந்தனை நிறுவப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தந்தது உண்மைதான். ஆனால் அங்கே பராமரிப்பதாக மகன் எழுதிக் கொடுத்த வாக்குறுதி ஒன்றும் தாயின் கையில் இருந்தது. ஒரே வரியில் எழுதி முடித்திருக்கக்கூடியதற்காக எழுபது வயதுக்கு மேல் ஒருவரை உச்ச நீதிமன்றம் வரை அலைய விடலாமா?

"நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்" என்று எழுதுவதும் போதாது. எந்த அறை, சாப்பாடு, மருந்து, மருத்துவமனைச் செலவு, உதவியாளர் சம்பளம், பிள்ளை வெளிநாடு போனால் யார் பொறுப்பு என ஒவ்வொன்றையும் எழுதி, தவறினால் தானம் ரத்தாகும் என்பதையும் சேர்க்க வேண்டும். விற்கக் கூடாது என்ற தடையை மட்டும் நம்ப வேண்டாம். அது சட்டத்தின் முன் நிற்காமல் போகலாம். ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையைக் கொடுப்பவர் தம்மிடமே நிறுத்திக்கொள்வதுதான் வலுவானது.

நாமினியே உரிமையாளர் என்ற நம்பிக்கை

நாமினி நியமனம் உறுப்பினர் இறந்த பிறகுதான் செயல்படும். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் முடியும். 2019இல் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி நாமினி தற்காலிக உறுப்பினர் மட்டுமே. ஆகவே பராமரிப்பவருக்கும் இதில் உறுதியில்லை, வாரிசுகளின் வழக்கும் தீராது.

சொசைட்டியை மறப்பது

பதிவு அலுவலகத்தோடு வேலை முடிவதில்லை. சங்கம் உறுப்பினருக்குத் தரும் ஷேர் சர்டிபிகேட்டின் பின்பக்கத்தில் பெயர் மாற்றம் ஏற வேண்டும்.

வாய்மொழி உறுதி

வேண்டவே வேண்டாம்.

காத்திருப்பது

மகன் மனம் மாறுவான் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பராமரிப்பு நின்றதுமே மருந்து ரசீதுகளையும் பாஸ்புக்கையும் பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிட வேண்டும். ஃபிளாட் மூன்றாம் ஆளிடம் கைமாறிவிட்டால் மீட்பது பலமடங்கு கடினம்.