போன் லாக் மறந்துவிட்டதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

அன்று காலை பெரியம்மாவின் போன் அடித்தபோது திரையில் 'சின்னவன்' என்று வரவில்லை. வெறும் நம்பர்தான் வந்தது. மகனின் பெயர் எங்கே போனது என்று அவருக்குப் புரியவில்லை.

முதல் நாள் இரவு பேரன் விளையாட்டாகப் பேட்டர்னை மாற்றியிருக்கிறான். பழைய பேட்டர்ன் அவனுக்குத் தெரியும். புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு, காலையில் அது என்னவென்று மறந்துவிட்டான். அப்போதும் பெரியம்மாவின் கைரேகைக்குப் போன் திறந்துகொண்டுதான் இருந்தது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவரும் பண்ணினார். அதோடு கைரேகையும் வேலை செய்யாமல் போனது.

எங்கள் வீட்டில் யார் போனுக்கு என்ன ஆனாலும் கடைசியில் என்னிடம்தான் வரும். இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இதுதான்: பேட்டர்ன் மறந்ததால் போகும் படங்களைவிட, மறந்த பிறகு பதற்றத்தில் செய்யும் வேலையால் போகும் படங்களே அதிகம்.

அந்த ரீஸ்டார்ட்டையே எடுத்துக்கொள்வோம். இப்போதைய போன்களில் உள்ளே இருக்கும் தகவல் எல்லாம் சங்கேதமாக மாற்றித்தான் சேமிக்கப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி நம் பேட்டர்னோடும் பின் நம்பரோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. போனை ஆன் செய்து முதல்முறை அதைப் போடும்வரை, தன்னிடம் இருக்கும் பெயர்களைப் போனாலேயே படிக்க முடியாது. அதனால்தான் அழைப்பு வந்தபோது 'சின்னவன்' வரவில்லை. கைரேகையும் முகமும் அந்த முதல் திறப்புக்கு அப்புறம்தான் செல்லும். ஐபோனிலும் இதே கதைதான்.

ஆகவே பின் நம்பர் மறந்து, கைரேகை மட்டும் வேலை செய்கிறது என்றால் போனை ஆஃப் செய்யவே கூடாது. சார்ஜ் தீரவும் விடக் கூடாது. "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவதும் தவறுதான். ஆண்ட்ராய்டு பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பின் நம்பரையோ பேட்டர்னையோ கேட்கும். ஐபோனை 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தால் அதுவும் பாஸ்கோடு, அதாவது ஐபோனின் பின் நம்பரைக் கேட்கும். பூட்டியபடியே மூன்று நாள் கிடந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியும் புதிய போன்களில் வந்துவிட்டது.

அந்த நேரத்துக்குள் செட்டிங்ஸுக்குள் போய் லாக்கை மாற்றிவிடலாம் என்று பலர் முட்டிக்கொண்டிருப்பார்கள். பழையதைப் போடாமல் புதியதை வைக்க அது விடாது. கைரேகையால் திறந்து, கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் படங்களை நகலெடுங்கள். வாட்ஸ்அப் படங்களும் குரல் பதிவுகளும் பெரும்பாலும் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா' என்ற கோப்புறையில் இருக்கும். வாட்ஸ்அப்பில் பேக்கப் பொத்தானை அழுத்துங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் அந்தப் போனின் ஜிமெயில் ஐடி தெரியும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஐடி எவ்வளவு முக்கியம் என்று அப்புறம் சொல்கிறேன்.

கைரேகையும் போய்விட்டால் அடுத்து எல்லோரும் இறங்குவது ஊகத்தில். பேட்டர்னில் 3,89,112 வகைகள் உண்டு. குத்துமதிப்பாகக் கோடு இழுத்துப் பார்த்துப் பயனில்லை. தவறுகள் கூடக் கூட, போன் காக்க வைக்கும் நேரமும் கூடும். ஐபோனில் பத்துத் தவறுக்குப் பின் எல்லாம் அழியும்படி சிலர் அமைத்தும் வைத்திருப்பார்கள். போனைக் கீழே வைத்துவிட்டு, இதுவரை போட்டுப் பார்த்தவற்றை எழுதுங்கள். போட்டதையே திரும்பப் போடுவதாவது நிற்கும். பெரும்பாலும் நாம் மறப்பது நம்பரை அல்ல, அதை மாற்றினோம் என்பதைத்தான். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17 முதல், பாஸ்கோடை மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய பாஸ்கோடைப் போட்டே உள்ளே நுழைய வழி இருக்கிறது. இது தெரியாமல் போனை அழித்தவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பம்: திரையில் கேட்பது போனின் பின் நம்பரா, சிம்மின் பின் நம்பரா என்று படித்துப் பாருங்கள். சிம் பின்னை மூன்று முறை தவறாகப் போட்டால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே நம்பர் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான், புது சிம்தான் வாங்க வேண்டும்.

சரி, எந்த வழியும் இல்லை, ரீசெட்தான், அதாவது போனில் உள்ளதை எல்லாம் அழிப்பதுதான் என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்கள். எல்லாவற்றிலும் பெரிய தவறு நடப்பது இந்த இடத்தில்தான். வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் போன் காலியாகிவிடும் என்று வீடியோவில் பார்த்துச் செய்துவிடுவார்கள். காலியாகும்தான். ஆனால் மறுபடி ஆன் செய்ததும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். போனைத் திருடியவனுக்குப் பயன்படக் கூடாது என்று 2015இல் ஆண்ட்ராய்டு 5.1இல் கொண்டுவந்த பாதுகாப்பு இது. ஐபோனில் 2013 முதலே ஆப்பிள் கணக்கோடு இதே மாதிரி பூட்டு இருக்கிறது.

நம் ஊரில் இது எங்கே சிக்கலாகிறது தெரியுமா? பெரியவர்களுக்குப் போன் வாங்கும்போது கடைப் பையனே ஒரு ஜிமெயில் ஐடியை உருவாக்கிக் கொடுத்துவிடுகிறான். பாஸ்வேர்டு என்னவென்று யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. பெரியம்மாவுக்கும் அப்படித்தான். ரீசெட் செய்வதற்கு முன் அந்த ஐடியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் போனது. கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தில் 'மின்னஞ்சலை மறந்துவிட்டீர்களா' என்ற வழி இருக்கிறது. கணக்கில் கொடுத்த மொபைல் எண்ணும் பெயரும் கேட்கும். எண் சரி. பெயரை எப்படிப் போட்டாலும் இல்லை என்றது. பெரியம்மா பெயரின் இன்ஷியலை அந்தப் பையன் பின்னால் போட்டிருக்கிறான் என்பது மூன்றாவது முறைதான் பிடிபட்டது.

ஓடிபி அந்தப் பூட்டிய போனுக்கே போகும் என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். கணக்கின் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றினால் உடனே ரீசெட் செய்யாதீர்கள். 24 மணி நேரம் பொறுக்கச் சொல்வது கூகுளே. வேறு போனில் அந்தக் கணக்கால் நுழைந்து, கூகுள் போட்டோஸில் எந்தத் தேதிவரை படங்கள் ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். ரீசெட்டுக்கு முன் சிம்மையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

இந்த வேலைகளைக் கடையில் கொடுப்பது தவறா என்றால், எல்லாக் கடையும் அப்படி இல்லை. ஆனால் "டேட்டா போகாமல் திறந்து தர்றேன்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சாவியே நம் பின் நம்பரோடு பிணைந்திருக்கும்போது, இப்போதைய போனைத் தெருமுனையில் அப்படித் திறந்துவிட முடியாது. பெரும்பாலும் ரீசெட் செய்துவிட்டுக் காசு வாங்குவார்கள். இணையத்தில் பணம் கட்டி இறக்கும் அன்லாக் மென்பொருள்களிலும் பெரும்பாலானவை செய்வது அதே ரீசெட்தான். சிம்மோடு போனைக் கொடுத்துவிட்டு வருவது மிக ஆபத்து. வங்கி ஓடிபி அந்த சிம்முக்குத்தானே வரும். பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அந்த முகவரியையும் போன் நம்பரையும் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். கூகுளில் தேடி மேலே வரும் 'கஸ்டமர் கேர்' நம்பரை அழைத்து, பத்து ரூபாய் கட்டச் சொன்னார்கள் என்று கட்டி, வங்கிக் கணக்கையே காலி செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ரீசெட் முடிந்து வாட்ஸ்அப்பை மறுபடி போடும்போது ஒரு தவறு காத்திருக்கும். எண்ணைச் சரிபார்த்ததும் பழைய உரையாடல்களை மீட்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'தவிர்' என்பதை அழுத்திவிடாதீர்கள். அதற்கு முன்பே அதே கூகுள் கணக்கைப் போனில் சேர்த்திருக்க வேண்டும். பேக்கப்புக்குத் தனியாக பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதுவும் கேட்கும். அது தெரியாவிட்டால் வாட்ஸ்அப்பாலும் திறந்து தர முடியாது.

பெரியப்பா போய் அப்போது இரண்டு மாதம். அவர் வெளியூர் போகும்போதெல்லாம் அனுப்பிய குரல் பதிவுகள் அந்தப் போனில்தான் இருந்தன. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி நிரம்பிப்போய், கடைசி பேக்கப் நாலு மாதத்துக்கு முந்தையதாக இருந்தது. அதற்கு முன் உள்ளவை எல்லாம் வந்தன. பெரியப்பாவின் கடைசி இரண்டு மாதம் வரவில்லை. போனை ஆஃப் செய்யாமல் இருந்திருந்தால் ஒரு கேபிளில் அவற்றையும் எடுத்திருப்பேன். பெரியம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. வந்தவற்றில் முதலாவதை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.