செவிலியர் பட்டப்படிப்புக்குத் தேவையான கணிதம்: எதை, எப்படிப் பயில்வது?

செவிலியர் படிப்பை விரும்பியும் கணிதத்தை எண்ணித் தயங்கும் மாணவர்கள் பலர். இப்படிப்புக்குப் பொதுவாக நுண்கணிதமோ முக்கோணவியலோ தேவைப்படுவதில்லை. பின்னம், தசமம், விகிதம், சதவீதம், எளிய சமன்பாடு ஆகிய பள்ளிக் கணக்குகளைப் பிழையின்றிப் போடத் தெரிந்தால் போதும். ஆனால் அந்தப் ‘பிழையின்றி’ என்பதில்தான் உண்மையான கடினம் இருக்கிறது. ஏனென்றால் இங்கே தவறும் விடை ஒரு நோயாளியின் உடலுக்குள் செல்கிறது.

முதலில், நீங்கள் சேரவிருக்கும் கல்லூரியின் பாடத்திட்டத்தில் கணிதம் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது மூன்று இடங்களில் வரும்: சேர்க்கைக்கான தகுதி, மருந்தளவுக் கணக்குத் தேர்வு, புள்ளியியல் பாடம். இவற்றுள் மருந்தளவுத் தேர்வுக்கு 90 சதவீதமோ அதற்கு மேலோ தேர்ச்சி மதிப்பெண்ணாக வைத்து, தேறும்வரை நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க மாணவரை அனுமதிக்காத கல்லூரிகள் பல உண்டு. ஆகவே பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குவது நல்லது.

அலகு மாற்றத்திலிருந்து தொடங்குங்கள். 1 கிராம் 1000 மில்லிகிராம். 1 மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம். 0.25 மில்லிகிராம் என்றதும் 250 மைக்ரோகிராம் என்று மனம் உடனே சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். தசமப் புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்காகிவிடும் என்பதால், எழுதும் முறையிலும் கட்டுப்பாடு தேவை: அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னே சுழியிட்டு எழுத வேண்டும், ஐந்தை 5.0 என்று எழுதக் கூடாது, புள்ளி கண்ணில் படாவிட்டால் அது ஐம்பதாகிவிடும்.

அடுத்தது மருந்தளவு. தேவைப்படும் அளவைக் கையிருப்பு மருந்தின் அளவால் வகுத்து, அந்த மருந்து கலந்திருக்கும் திரவத்தின் அளவால் பெருக்க வேண்டும். 18 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் எழுதப்பட்டிருந்தால், தேவை 270 மில்லிகிராம். சிரப்பின் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் இருந்தால், 270-ஐ 120-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க, 11.25 மில்லிலிட்டர் கிடைக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகை எழுதிக்கொண்டே போங்கள். கடைசியில் மில்லிலிட்டர் மட்டும் மிஞ்சாவிட்டால் நடுவில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது.

நரம்பு வழியே திரவம் ஏற்றும்போது நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்று காணும் சொட்டுக் கணக்கில் நேரமும் சேர்கிறது. 1000 மில்லிலிட்டர் திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாயில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால், மொத்தம் 20,000 சொட்டை 480 நிமிடங்களால் வகுக்க வேண்டும். விடை 41.67, பாதிச் சொட்டு விழாது என்பதால் நிமிடத்துக்கு 42. குழாய்க்குக் குழாய் இந்த எண் மாறும் (10, 15, 20 என்றும், நுண்சொட்டுக் குழாயில் 60 என்றும் இருக்கும்). அது உறையின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். மணிகளை நிமிடங்களாக மாற்ற மறப்பது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

சதவீதத்தின் பொருளும் தெளிவாக இருக்க வேண்டும். 0.9 சதவீத உப்புக் கரைசல் என்றால் 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் உப்பு, அதாவது ஒரு லிட்டரில் 9 கிராம்.

கணிப்பானைத் தொடுவதற்கு முன் விடையை உத்தேசமாகச் சொல்லிப் பார்ப்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். மேற்கண்ட குழந்தைக்கு 240 மில்லிகிராம் என்றால் 10 மில்லிலிட்டர், 270 என்பதால் அதைவிடச் சற்றுக் கூடுதல் என்று முன்பே அறிந்தவர், திரையில் 112.5 என்று வந்தால் உடனே நிறுத்திவிடுவார்.

புள்ளியியல் வேறு வகை. சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்திய எண்களின் நடு எண்), திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு), நம்பக இடைவெளி (உண்மையான மதிப்பு இருக்கக்கூடும் என்று மதிப்பிடும் எல்லை), பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலால் இந்த அளவு வேறுபாடு தோன்றும் வாய்ப்பு) ஆகியவை ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்ளத் தேவைப்படுகின்றன. கணக்கீட்டைப் பெரும்பாலும் மென்பொருள் செய்துவிடும். ஒரு சிகிச்சையில் கண்ட வேறுபாடு தற்செயலால் மட்டும் நேர்ந்திருக்கக்கூடுமா, அந்த வேறுபாடு நோயாளிக்குப் பயன் தரும் அளவுக்குப் பெரியதா என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்கக் கற்பதே மாணவரின் வேலை. பாடத்திட்டம் இடமளித்தால், மருத்துவமனைப் பயிற்சி நெருக்கடி இல்லாத பருவத்தில் இப்பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.