ஒன்பது பக்கங்கள், ஒரே பிழை: இணையத்தில் ஊர் வரலாறு தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரைக்குடியில் எம்.ஏ. வரலாறு படிக்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். தன் ஊர்க் கோயிலைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். கையில் இருபது பக்கம் பிரின்ட். திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வந்தவன் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். 'சடையவர்மன் சுந்தர பாண்டியனின் 9-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1260-இல்' என்று ஒரு வரி.

"இதை எங்கேம்மா எடுத்தே?"

"ஒன்பது பத்து இடத்தில இருக்கு சார். எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. அதான் தைரியமாப் போட்டேன்."

அந்தத் தைரியம் எனக்கு நன்றாகவே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கோயிலைப் பற்றி, அதே வரியை, அதே காரணத்துக்காக நானும் எழுதினேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாதீர்கள், விக்கிப்பீடியாவோடு நிற்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் சில இருக்கின்றன.

பழைய மாவட்டத்தை மறந்துவிடுவது

செட்டிநாட்டு ஊர்களை 'சிவகங்கை மாவட்டம்' என்று போட்டுத் தேடினால் பழைய ஆவணங்கள் சிக்காது. 1910-இலிருந்து 1985 வரை இந்தப் பக்கம் இராமநாதபுரம் மாவட்டம். அதற்கும் முன்னால் மதுரை மாவட்டம். ராயவரம், விராச்சிலை பக்கமெல்லாம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அப்புறம் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1974-இல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் அந்தந்த ஆண்டில் இருந்த மாவட்டம், தாலுகாப்படிதான் ஊர்களை அடுக்கியிருக்கும். உங்கள் ஊர் 1920-களில் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று தெரியாமல் அந்த அறிக்கையைத் திறந்து பயனில்லை.

திருப்பத்தூர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சிவகங்கைப் பக்கத்து நம் திருப்பத்தூர் ஒன்று, ஜோலார்பேட்டைக்குப் பக்கத்துத் திருப்பத்தூர் இன்னொன்று. அந்த ஊர்க் கல்வெட்டை நம் திருத்தளிநாதர் கோயில் கணக்கில் சேர்த்து எழுதிய கட்டுரை ஒன்றைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவது

வெள்ளைக்காரர் கால ஆங்கில ஆவணங்களில் தேவகோட்டை 'தேவகோட்டா', இராமநாதபுரம் 'ராம்நாட்', செட்டியார் வெறும் 'செட்டி'. நாட்டுக்கோட்டைக்கு ஒரு 'டி' போட்டவரும் உண்டு, இரண்டு 'டி' போட்டவரும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

தமிழ் நூல்களில் தொல்லை வேறு மாதிரி. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை லை, ணை, றா போன்ற எழுத்துகள் அச்சில் வேறு வடிவத்தில் இருந்தன. ஸ்கேன் செய்த பழைய நூலை ஓசிஆர், அதாவது படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள், படிக்கும்போது இவற்றில் தடுமாறும். தேடல் பெட்டி 'முடிவுகள் இல்லை' என்று சொன்னால், அந்தச் சொல் நூலில் இல்லை என்று பொருளல்ல. பொருளடக்கத்தைப் பாருங்கள், அப்புறம் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

பத்து இடத்தில் இருப்பதைப் பத்துச் சான்றாக எண்ணுவது

இதுதான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது மலரில் தல வரலாறு எழுத என்னைக் கேட்டார்கள். நான்கு நாள் அவகாசம். இணையத்தில் தேடினேன். ஒன்பது பக்கங்கள் கிடைத்தன. ஒன்பதும் சடையவர்மன் சுந்தர பாண்டியன், 1260 என்றே சொல்லின. ஒன்பது பேர் சொல்வது எப்படித் தவறாகும்? எழுதிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. சடையவர்மன் சுந்தர பாண்டியன் என்றால் தில்லையிலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்தவன். 'பொன் வேய்ந்த பெருமாளின் கை பட்ட கோயில்' என்று ஒரு பத்தியே எழுதினேன். ஊரார் அதைக் குடமுழுக்கு மேடையில் படித்தார்கள். ஆயிரம் பிரதி அச்சடித்தோம்.

மலர் வந்த மறுவாரம் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, நீ கல்லைப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்ததில்லை. சாயங்காலம் கோயிலுக்கு அழைத்துப்போய், தெற்குப் பக்கத்து அதிட்டானத்தில் (சுவருக்குக் கீழுள்ள அடித்தளத்தில்) டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். 'பூமருவிய திருமடந்தையும்' என்று தொடங்கியது. கொஞ்சம் தள்ளி, 'கோ'வுக்கு அடுத்து 'மா' இருந்தது. கோமாறபன்மர், அதாவது மாறவர்மன். கோச்சடைபன்மர், அதாவது சடையவர்மன் அல்ல.

பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டவர்கள். சுந்தர பாண்டியன் என்ற பெயரிலேயே பல அரசர்கள் உண்டு. 1216-இல் பட்டத்துக்கு வந்தவன் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன். 1251-இல் வந்தவன் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன். நடுவே இரண்டாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனும் இருக்கிறான். அதனால் 'மாறபன்மர்' என்ற சொல் மட்டும் போதாது. மெய்க்கீர்த்தியின், அதாவது கல்வெட்டில் அரசன் புகழ் பாடும் பகுதியின், தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். 'பூமருவிய' என்று தொடங்குவது 1216-க்காரன் மெய்க்கீர்த்தி. 'சோணாடு கொண்டருளிய' என்ற அடைமொழியும் அவனுக்கு உரியது. சுந்தர பாண்டியன் பெயரோடு 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்று வந்தால் அது சடையவர்மன். ஆக 9-ஆம் ஆட்சியாண்டு என்பது 1225-ஐ ஒட்டி. முப்பத்தைந்து வருஷம் தவறு. பொன் வேய்ந்த பெருமாள் அந்தக் கல்வெட்டில் எங்கும் இல்லை.

அன்று இரவு அந்த ஒன்பது பக்கங்களையும் வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். முதல் முறை படித்தபோது கண்ணில் படாத ஒன்று பட்டது. கோயிலுக்குக் கொடுத்த நிலத்தைக் குறிக்கும் 'தேவதானம்' என்ற சொல் ஒன்பதிலும் 'தேவதனம்' என்று கால் விட்டுப்போய் இருந்தது. ஒன்பது பேர் தனித்தனியாக ஒரே சொல்லில் ஒரே காலை விட மாட்டார்கள். ஒருவர் எழுதினார், எட்டுப் பேர் வெட்டி ஒட்டினார்கள். எனக்கு இருந்தது ஒன்பது சான்று அல்ல, ஒன்றே ஒன்று. அந்த ஒருவரும் 'சுந்தர பாண்டிய தேவர்' என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு, புகழ் பெற்ற சுந்தர பாண்டியனைப் போட்டிருக்கிறார்.

1929-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் அந்தக் கல்வெட்டின் பாடம் அப்படியே இருக்கிறது. அரச மரபு வாரியாக அடுக்கிய நூல். கணினியில் ஸ்கேனைத் திறந்து பார்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை. திருத்தச் சீட்டு அச்சடித்து இருநூற்றுச் சொச்சம் பிரதிகளில்தான் ஒட்ட முடிந்தது. மற்றவை சென்னை, மலேசியா, சிங்கப்பூர் என்று உறவினர்களோடு போய்விட்டன.

இப்போது அந்தப் பெண் கொண்டுவந்த அடிக்குறிப்புப் பட்டியலைப் பார்த்தேன். பத்தாவது சான்று என் மலர். யாரோ திருத்தச் சீட்டு ஒட்டாத பிரதியை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். நூலாக அச்சில் வந்தது என்பதால் மற்ற ஒன்பதைவிட அதை அவள் அதிகமாக நம்பியிருக்கிறாள்.

ஆகவே ஒரு தகவல் பல இடங்களில் கிடைத்தால் மகிழ்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். அதில் விசித்திரமான ஒரு வாக்கியத்தையோ பிழையான சொல்லையோ இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். வார்த்தை மாறாமல் வந்தால் எல்லாம் ஒரே ஊற்று. எது முதலில் வந்தது என்று தேதி பாருங்கள். அந்த முதல் ஆள் கல்லைப் பார்த்தாரா, ஏட்டைப் பார்த்தாரா, கல்வெட்டு ஆண்டறிக்கையின் எண் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்திருந்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: ஆண்டறிக்கையில் இருப்பது ஆங்கிலச் சுருக்கம்தான். முழுப் பாடம் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் வரும். 1890-இலிருந்து வருகிற வரிசை அது. எல்லாக் கல்வெட்டும் அதில் ஏறிவிடவும் இல்லை.

கலி ஆண்டு போட்டிருந்தால் உடனே நம்பிவிடுவது

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து கலி 3808-இல், அதாவது கி.பி. 707-இல், சவுந்தர பாண்டியனிடம் இளையாத்தங்குடியைப் பெற்றார்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். கணக்கு சரிதான், கலியிலிருந்து 3101-ஐக் கழித்தால் 707 வரும். ஆனால் கணக்கு சரியாக வருவதால் நிகழ்ச்சிக்குச் சான்று கிடைத்துவிடாது. வேள்விக்குடிச் செப்பேடு தரும் பாண்டியர் வரிசையில் சவுந்தர பாண்டியன் என்ற பெயர் இல்லை. ஆச்சிகளும் ஐயாக்களும் தலைமுறையாகச் சொல்லி வந்த மரபு அது. அதற்கு ஒரு மதிப்பு உண்டு. 'மரபு இப்படிச் சொல்கிறது' என்று எழுதுங்கள். கல்வெட்டு சொல்வதுபோல எழுதாதீர்கள்.

வீட்டு ஏடுகளிலும் இதே கவனம் வேண்டும். இசைகுடிமானத்தில் (நகரத்தார் திருமணப் பதிவு ஏட்டில்) 'விகாரி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1899-ஆகவும் இருக்கலாம், 1959-ஆகவும் இருக்கலாம்.

புள்ளிவிவரத்தின் எல்லையை வெட்டிவிடுவது

'பர்மாவின் நிலத்தில் கால் பங்கைச் செட்டியார்கள் பிடித்துக்கொண்டார்கள்.' இந்த வரி அலுக்காமல் சுற்றுகிறது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களுக்கு மட்டும் உரிய கணக்கு அது. 1930-இல் 6 சதவீதமாக இருந்தது 1938-இல் 25 சதவீதம் ஆனது. நடுவில் உலகப் பொருளாதார மந்தம், நெல் விலை வீழ்ச்சி. கடனைத் திருப்ப முடியாதவர்களின் ஈட்டு நிலம் லேவாதேவிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. பர்மிய விவசாயி நிலத்தை இழந்தது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 'கீழ் பர்மா', '13 மாவட்டம்' என்ற சொற்களை வெட்டிவிட்டால் எண் உண்மையாக இருந்தும் வாக்கியம் பொய்யாகிவிடும். 1929-30 காலத்து வங்கி விசாரணைக் குழு அறிக்கைகள், பர்மாவுக்கும் சென்னை மாகாணத்துக்கும் தனித்தனியாக, இருக்கின்றன. இரண்டையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

கூகுளோடு நின்றுவிடுவது

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. நம் ஊர்க்காரர் சேர்த்தவை, நம் ஊர் ஆராய்ச்சிக்கு நாம்தான் எடுத்துப் பார்ப்பதில்லை. அதன் நூற்பட்டியலுக்குள்ளே நேரடியாகப் போய்த் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் இரண்டிலும் அப்படியே.

பக்க எண் இல்லாத குறிப்பு

குறிப்பே அல்ல.

பார்த்ததைச் சேமிக்காமல் விடுவது

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது அதன் மின்படிகளை மாதக்கணக்கில் திறக்க முடியவில்லை. அன்றன்றைக்கே இறக்கி வையுங்கள்.

அந்தப் பெண் போன சனிக்கிழமை டார்ச்சோடு கோயிலுக்குப் போய்வந்தாள். மாவு, சுண்ணாம்பு எதுவும் தடவாதே, வெளிச்சம் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு படம் வந்தது. எண்ணெய்க் கறை படிந்த கல், இடது ஓரத்தில் அவள் விரல் நிழல். 'கோ'வுக்கு அடுத்து 'மா' தெளிவாகத் தெரிகிறது. என் திருத்தத்தையும் அந்தப் படத்தையும் சேர்த்து, மலரை ஏற்றியவருக்கு இன்று காலை அனுப்பியிருக்கிறேன்.